சோதனையின் இழப்பு யாருடையது?

ஒருவன் தன் பொருளைக்கொண்டு செய்யும் சோதனையும், பிறன் பொருளைக்கொண்டு செய்யும் சோதனையும் ஒரே தன்மையுடையன ஆகுமா? விளைவு இன்னதென்று முன்னரே அறியாத செயலில் இறங்குவோன், அவ்விளைவு கெடுமாயின் அக்கேட்டைத் தானே தாங்குகின்றானா, அன்றி அருகில் நிற்பவன் தலையில் ஏற்றிவிடுகின்றானா? இவ்வினாவையே இங்கு ஆராய எடுத்துக்கொள்கின்றோம். வினா மிகப் பழையது. அதனை விளக்க நாம் எடுத்துக்கொள்ளும் சான்றோ, பழைய காமிராவும் பழுதான படச்சுருளும் ஆகும்.

அறத்தை ஆராய்வதற்கு இவ்வளவு சிறிய பொருள்தானா கிடைத்தது என்று அன்பர் சிலர் நகைக்கலாம். பெரிய பொருள்களைப் பற்றிப் பேசுங்கால் நாம் எல்லோரும் அறவோராகவே பேசிவிடுகின்றோம். விளையாட்டிலும் பொழுதுபோக்கிலுமே மனத்தின் இயல்பு மறைவின்றி வெளிப்படும். சிறிய பொருளை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இதுவே.

பெங்களூரில் இன்று நிகழ்வது

கைப்பேசி ஒன்று கையிலிருந்தால் தனிச் செலவின்றி ஆயிரம் படம் எடுக்கலாம். அவ்வாறிருந்தும் நம் நகரத்து இளைஞருள் ஒரு சாரார், பாட்டனார் பெட்டியில் உறங்கிக் கிடந்த காமிராக்களைத் துடைத்தெடுத்துப் பயன்படுத்துகின்றனர். பரோடாவில் செய்யப்பெற்று ஒரு காலத்தில் நடுத்தரக் குடும்பங்களின் பெருமையாயிருந்த ஆக்பா கிளிக் 3 என்னும் எளிய காமிரா, மார்பளவில் ஏந்தித் தலைகுனிந்து நோக்கும் இரட்டை வில்லைக் காமிரா, ருஷ்ய நாட்டுக் கனத்த காமிரா எனப் பலவகை அவர்கள் கையில் உலவுகின்றன.

அவற்றுள் இடும் படச்சுருளும் வழக்கமானது அன்று. பெட்டியின்மேல் அச்சிட்ட நாள் கடந்து இருபது முப்பது ஆண்டுகள் ஆன சுருளைச் சிலர் தேடி வாங்குகின்றனர். சிலர் சுருளைப் புறமாற்றி இடுகின்றனர். ஒளி அடித்தாளின் வழியே புகுவதால் படம் முழுவதும் செந்நிறம் கொள்கின்றது. சிலர் எடுத்த சுருளையே மீண்டும் இட்டு, ஒரு காட்சியின்மேல் மற்றொரு காட்சியைப் பதிக்கின்றனர். ஒருவகைச் சுருளுக்குரிய மருந்தில் வேறுவகைச் சுருளைக் கழுவுவோர் உண்டு. எலுமிச்சைச் சாற்றிலும் தேநீரிலும் ஊறவைத்துக் கறைபடச் செய்வோரும் உண்டு. திரைப்படத்திற்கென வார்க்கப்பட்ட சுருளைத் துண்டாக்கிச் சிறு காமிராவில் இடுவோரும் உண்டு.

காலங்கடந்த சுருளில் நிகழ்வது யாதெனில், வெப்பமும் ஈரமும் இயற்கையில் எங்குமுள்ள நுண்கதிர்வீச்சும் அதன் வெள்ளியுப்பைச் சிறிது சிறிதாகத் தாக்குகின்றன. ஒளியை ஏற்கும் ஆற்றல் குறைகின்றது. படம் எடுப்பதற்கு முன்பே மூட்டம் படிகின்றது. வண்ணச் சுருளில் நிறப்படலங்கள் ஒரே வேகத்தில் முதுமை எய்துவதில்லை. ஆகையால் வானம் ஊதாவாகவும், முகம் பச்சையாகவும் வருதல் கூடும். நெகடிவ் சுருளாயின், பத்தாண்டிற்கு ஒரு மடங்கு வீதம் ஒளியை இரட்டித்துக் கொடுக்க வேண்டும் என்பது இத்துறையினர் கையாளும் தோராயக் கணக்கு. எனினும் அச்சுருள் எவர் அலமாரியில், எத்தனை கோடையைக் கண்டது என்பதை எவர் சொல்ல வல்லார்? ஆகவே விளைவு உறுதியற்றது. அவ்வுறுதியின்மையையே அவர்கள் விரும்புகின்றனர்.

தேவையால் நேர்ந்த சோதனையும் விரும்பிச் செய்யும் சோதனையும்

ஆதியில் இக்கலை முழுவதுமே சோதனையாயிருந்தது. ஆங்கிலப் படையைச் சேர்ந்த லின்னேயஸ் டிரைப் என்பார் 1855-ஆம் ஆண்டு பர்மா சென்ற தூதுக்குழுவுடன் போய்ப் படமெடுத்தார். மெழுகூட்டிய காகிதமே அவருடைய நெகடிவ். திரும்பிவந்து 120 படங்கள் கொண்ட தொகுதியை ஐம்பது படியாக அச்சிட்டது நமது பெங்களூரிலேதான். பின்னர் 1858-இல் மதுரை, தஞ்சை, திருச்சி ஆகிய ஊர்களின் கோயில்களைப் படம்பிடித்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்புறக் கல்வெட்டைத் துண்டு துண்டாக எடுத்து ஒட்டி, நெடிய ஒரே படமாக ஆக்கினார். காகிதமும் வெயிலும் நீரும் என்ன செய்யும் என்ற ஐயத்தோடுதான் அக்காலத்தார் ஒவ்வொரு படத்தையும் எடுத்தாக வேண்டும். அவர்களுக்கு வேறு வழி இல்லை.

இன்றைய இளைஞருக்கோ வேறு வழி உண்டு. பழுதற்ற கருவி கையில் இருந்தும் பழுதுடையதைத் தேர்கின்றனர். தேவையால் நேர்ந்த சோதனைக்குப் பொறுப்புச் சிறிது. விரும்பித் தேர்ந்த சோதனைக்குப் பொறுப்புப் பெரிது. செயலின் நன்மை தீமையை எண்ணத்தைக்கொண்டு அளக்க வேண்டும் என்று கற்றவர் நாம். ஆகவே அவர்கள் எண்ணத்தையே முதலில் ஆராய்வோம்.

இதில் உள்ள நன்மை

இவ்வழக்கத்தில் நன்மை இல்லை என்று நாம் கூறோம். முதலாவது, அளவு. சிறிய சுருளில் 36 படம். பெரிய சுருளில் சதுரப்படம் 12. அதற்குமேல் இல்லை. எண்ணிச் செலவிட வேண்டிய பொருளை மனிதன் கவனத்தோடு கையாள்கின்றான். 2010-ஆம் ஆண்டு கோடக்குரோம் என்னும் புகழ்பெற்ற சுருளின் கடைசி ஒன்றை ஸ்டீவ் மெக்கரி என்னும் அமெரிக்கப் படக்கலைஞர் பெற்று, அதன் 36 படங்களில் சிலவற்றை நம் இந்திய நாட்டிலும் எடுத்தார். ஆயிரக்கணக்கில் எடுத்துப் பழகியவரும் அச்சுருளை இட்டபோது ஒவ்வொன்றையும் எண்ணியே எடுக்க வேண்டியதாயிற்று.

இரண்டாவது, காத்திருத்தல். எடுத்த படத்தை அப்போதே காண முடியாது. சுருள் முடிய வேண்டும், கழுவ வேண்டும், உலர வேண்டும். தஞ்சையில் 1932-இல் பிறந்து பெங்களூரில் வாழ்ந்து 2017-இல் மறைந்த டி. என். ஏ. பெருமாள் அவர்கள், காட்டுயிர்ப் படக்கலையில் உலகப் புகழ் எய்தியவர். அவர் பெயர் பெற்ற காலம் படச்சுருளின் காலம். பறவை ஒன்றிற்காகப் பல நாழிகை அசையாது அமர்ந்து, எடுத்தது பதிந்ததா என அறியாமலே வீடு திரும்புவது அக்காலத்துக் காட்டுயிர்க் கலைஞருக்கு இயல்பு. விரும்பியதை விரும்பிய கணமே பெறும் வழக்கத்தில் ஊறிய நெஞ்சுக்கு இக்காத்திருத்தல் நல்ல மருந்து.

மூன்றாவது, நமது கண்ணின் எல்லையை உணர்தல். அகச்சிவப்புக் கதிரை ஏற்கும் கறுப்பு வெள்ளைச் சுருளைத் தக்க வடிகட்டியோடு இட்டுக் கப்பன் பூங்காவில் படமெடுத்தால், மரங்களின் இலையெல்லாம் பனி படிந்தாற்போல் வெண்மையாகத் தோன்றும். உயிருள்ள இலை அக்கதிரை மிகுதியாகத் திருப்பி அனுப்புவதே காரணம். நாள்தோறும் அம்மரத்தடியில் நடந்தும் நாம் அதனைக் கண்டதில்லை. கண்டதே முழுமை என்று வாதிடுவோன் அப்படத்தைக் கண்டு சற்றே அடங்குதல் கூடும்.

நன்மைபோல் தோன்றுவன இரண்டு

ஆயின் நன்மையின் வேடத்தில் வருவனவும் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் ஆஸ்திரியா நாட்டு வியன்னா நகரில், லோமோ என்னும் ருஷ்யக் காமிராவைக் கண்டெடுத்த மாணவர் சிலர் ஓர் இயக்கம் தோற்றுவித்தனர். அவர்கள் வகுத்த பத்து விதிகளுள் ஒன்று, சிந்தியாதே என்பது. தயக்கத்தை விடுக என்ற பொருளில் அதனைக் கொண்டால் குறையில்லை. ஆனால், என்ன வந்தாலும் அழகே, ஆகவே கவனம் வேண்டா என்று பொருள் கொள்வோர் பலர். பற்றின்மை வேறு, கவனமின்மை வேறு. தறியில் நிற்பவன் நூல் அறுமோ என்று அஞ்சி நடுங்க வேண்டுவதில்லை. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பானாகில் துணி முழுதும் பழுதாகும். செய்வதை முழுக்கவனத்தோடு செய்து, வருவதை அமைதியோடு ஏற்பவனே பற்றற்றவன். கவனமின்றிச் செய்துவிட்டு, வந்ததை அழகென்பவன் தன்னைத் தானே ஏமாற்றுகின்றான்.

மற்றொன்று, வியப்பின்மேல் எழும் வேட்கை. முதற்சுருள் செந்நிறமாய் வந்தபோது உண்டான களிப்பு இரண்டாவதில் குறைகின்றது. ஆகவே மேலும் அரிய சுருள், மேலும் பழைய காமிரா என்று தேடுகின்றனர். குளிர்ப்பெட்டி நிறையச் சுருளும், அலமாரி நிறையக் காமிராவும் சேர்கின்றன. வில்லைகளில் பூஞ்சை படர்கின்றது. நிலையாமையைக் கற்பிக்கும் என்று சொல்லி வாங்கிய பொருளே நிலையாகச் சேர்க்கும் ஆசையை வளர்த்துவிட்டது! இதற்கு ஆளாவோர் தம்மையே வருத்திக்கொள்கின்றனர். ஆதலால் அதனை இவ்வளவில் நிறுத்துவோம்.

இழப்பைப் பிறர்மேல் ஏற்றுதல்

இனி நம் வினாவின் உள்ளே புகுவோம். ஓர் எளிய உண்மையைக் காண்க. திரைப்படத்திற்கெனச் செய்யப்பட்ட வண்ணச் சுருள்களின் பின்புறத்தில் நெடுங்காலமாகக் கரிப்படலம் ஒன்று பூசப்பட்டு வந்தது. அதனை முன்னரே கரைத்து நீக்காமல் சாதாரணக் கடைப் பொறியில் இட்டால், கரி பெயர்ந்து மருந்தில் கலக்கும். பின்னர் அப்பொறியில் செல்லும் அயலார் சுருளிலெல்லாம் ஒட்டும். எலுமிச்சைச் சாற்றில் ஊறிய சுருளும் அவ்வாறே மருந்தைக் கெடுக்கும். கடைக்காரரிடம் உண்மையைச் சொல்லாமல் அத்தகைய சுருளைக் கொடுப்பவன் என்ன செய்கின்றான்? யாரோ ஒரு தந்தை தன் மகளின் திருமணத்தில் எடுத்த படம் அதே மருந்தில் அடுத்து இறங்குகின்றது. கறை விரும்பியவன் ஒருவன். கறை பெறுபவன் மற்றொருவன். இஃது எவ்வகையிலும் விளையாட்டு அன்று. பிறன் பொருளை அவன் அறியாமல் பந்தயத்தில் வைத்தலும் கொடாததை எடுத்தலின் ஒரு வகையே என்பது நமது துணிபு.

அடுத்து, காமிராவின் முன் நிற்கும் மனிதரைக் கருதுக. நகரச் சந்தையில் பூக்கட்டும் மூதாட்டி ஒருத்தியை நிறுத்திப் படமெடுக்கின்றனர். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நேரே நோக்கி நிற்கின்றாள். தன் முகம் தெளிவாக வரும் என்பதே அவள் எண்ணம். எடுப்பவன் எண்ணமோ, இம்முகம் எவ்வாறு சிதைந்து வருமோ பார்ப்போம் என்பது. இருவரிடையே நிகழ்ந்த உடன்பாடு மெய்யான உடன்பாடாகுமா?

வெறும் படந்தானே, இதில் என்ன பேரிழப்பு என்று வினவுவோர், ஆயிரம் படம் உடையோர். நாம் அறிந்த தொழிலாளர் குடியிருப்புகளில், இறந்த தந்தையின் முகம் என்று ஒரே ஒரு படம் மட்டுமே உடைய குடும்பங்கள் பல. அதுவும் ஆலை அடையாளச் சீட்டுக்காக எடுத்த சிறு படத்திலிருந்து பெரிதாக்கியது. அவ்வொன்றும் மங்கிப்போன வீட்டில், மங்கலின் அழகைப் பற்றி எவரும் பேச மாட்டார். முதியவர்கள் தம் மக்களுக்கு விட்டுச்செல்லும் முகம் அது. அதனைப் பழுதான சுருளில் ஏற்றிவிட்டு, வராமற்போனால் போகட்டும் என்று சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை.

காட்டுயிர்ப் படக்கலையில், படத்தைவிட உயிரின் நலமே பெரிது என்பது உலகெங்கும் ஒப்புக்கொண்ட ஒழுங்கு. கூட்டிலுள்ள பறவை அஞ்சுமாயின் படம் வேண்டா என்று விலகிவிட வேண்டும். பறவைக்குக் காட்டும் இம்மரியாதையைப் பூக்காரிக்குக் காட்டலாகாதா?

இன்னும் அரிய வழக்கொன்றுண்டு. ஏரோகுரோம் என்பது வானூர்தியிலிருந்து எடுப்பதற்கென்று அமைந்த அகச்சிவப்பு வண்ணச் சுருள். உயிருள்ள தழை அதில் செந்நிறமாகப் பதியும். பச்சை வண்ணம் தீட்டிய துணி அவ்வாறு பதியாது. இதனால் மறைந்திருக்கும் படையைக் கண்டுபிடிக்கப் போர்த்துறையினர் பயன்படுத்தினர். அயர்லாந்துக் கலைஞர் ரிச்சர்டு மோஸ் 2010-ஆம் ஆண்டையொட்டி, காங்கோ நாட்டின் கிழக்கே நடந்த உள்நாட்டுப் போரை அதே சுருளில் படம்பிடித்தார். காடும் மலையும் இளஞ்சிவப்பாய் விளங்க, நடுவே துப்பாக்கி ஏந்திய மனிதர் நின்றனர். உலகம் காண மறந்த துன்பத்தைக் காணச் செய்தார் என்று சிலர் போற்றினர்; துன்பத்தை அழகுபடுத்தினார் என்று சிலர் ஐயுற்றனர். நாம் கூறுவது இது: சுருளின் விந்தை பார்ப்பவனை அம்மனிதரிடம் கொண்டு செல்லுமாயின் அது கருணைக்குத் துணை. விந்தையிலேயே அவனை நிறுத்திவிடுமாயின், அம்மனிதர் இரண்டாம் முறையும் மறக்கப்பட்டவர் ஆகின்றார்.

உதகையின் இருட்டறைகள்

பழுதான சுருளின் அழகைப் புகழ்வோர், அச்சுருள் எங்கிருந்து வந்தது என்பதையும் எண்ண வேண்டும். நீலகிரியில் உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசுத் தொழிற்சாலை 1960-இல் நிறுவப்பட்டது. 1967-இல் உற்பத்தி தொடங்கிற்று. தூசற்ற குளிர்ந்த காற்று அங்கு அமைந்தமை இத்தொழிலுக்கு உகந்தது. திங்களைக் குறிக்கும் இந்து என்னும் பெயரால் அதன் சுருள்கள் நாடெங்கும் விற்பனையாயின. மருத்துவமனைகளுக்கு எக்ஸ்-கதிர்ச் சுருளும் அங்கிருந்து சென்றது. எல்லா நிறத்தையும் உணரும் சுருளை ஒளிபடாமலே பூசவும் வெட்டவும் சுற்றவும் வேண்டும். ஆகவே பகற்பொழுதைக் காரிருளில் கழித்து, கையால் தடவி அறிந்து வேலை செய்தோர் பலர். பிறர் ஒளியைப் பதிவதற்காகத் தாம் இருளில் நின்றவர் அவர்.

அத்தொழிற்சாலை 1990-களில் நலிந்த நிறுவனம் என அறிவிக்கப்பட்டது. படச்சுருளின் காலமும் கழியவே பின்னர் மூடப்பட்டது. இன்று எங்கேனும் பழைய கடையில் இந்துச் சுருள் ஒன்று அகப்பட்டால், ஆர்வமுடையோர் அதனைப் புதையலாகக் கொண்டாடுகின்றனர். அதில் தோன்றும் மூட்டமும் புள்ளியும் அவர்கள் கண்ணுக்கு அழகு. இருளில் நின்று அதனைச் செய்தவருக்கோ, அது போன பிழைப்பின் தடயம்.

பல்லாண்டு ஆலையில் தறி ஓட்டிய நாம் இதனை எளிதில் உணர்வோம். புதிய பொறி, புதிய கணக்கு, புதிய வாணிபம் என்று மேலிருப்போர் சோதனை செய்தனர். சோதனை பலித்த ஆண்டுகளில் அதன் ஊதியம் ஓரிடம் சென்றது. பலியாத ஆண்டில் அதன் இழப்பு வேறிடம் வந்தது. ஒரு காலையில் ஆலைச் சங்கு ஊதவில்லை, அவ்வளவே. எல்லாம் மாறும் இயல்பின என்பது மறுக்கவொண்ணாத உண்மை. ஆனால் அவ்வுண்மையைச் சோதனை செய்தவன் தன் இழப்புக்குச் சொல்லிக்கொள்ள வேண்டுமேயன்றி, தன்னால் இழந்தவனுக்குச் சொல்லி வாயடைக்கலாகாது. பிறர் துயரின்மேல் நின்று நிலையாமை போதிப்பது அறநெறி ஆகாது.

தனித்து நிற்கும் பொருள் இல்லை

மேலும், படச்சுருளில் வெள்ளியுப்பைப் பிடித்துநிற்கும் ஜெலாட்டின் என்னும் பசை, மாடுகளின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்படுவது. 1920-களில் கோடக் நிறுவனத்தின் அறிஞர் சாமுவேல் ஷெப்பர்டு ஒரு புதுமையைக் கண்டார். சில ஜெலாட்டின் ஒளியை நன்றாக ஏற்கவும் சில ஏற்காமலும் இருந்ததற்குக் காரணம், அம்மாடுகள் மேய்ந்த கடுகினச் செடியிலிருந்த கந்தகப் பொருளே என்பதாம். மேய்ச்சல் நிலத்துச் செடி, மாட்டின் எலும்பு, சுரங்கத்து வெள்ளி, இருளில் நின்றவன் கை ஆகிய இத்தனையும் கூடியே ஒரு முகம் பதிகின்றது. உயிர்க்கொலை விலக்கியோர் இதனை அறிந்து வைத்தல் நலம். கைப்பேசியின் மின்கலத்துக்கான கோபால்ட்டும் பெரும்பகுதி காங்கோ நாட்டுச் சுரங்கங்களிலிருந்து வருவதே. ஆதலால் சுருளை விட்டேன், தூயன் ஆனேன் என்று தருக்கவும் இடமில்லை. எதனைப் பயன்படுத்தினும் வீணாக்காமல் பயன்படுத்துவதே நம்மால் இயல்வது.

வீட்டில் கழுவுவோர் ஒன்றைக் கருத வேண்டும். ஹைப்போ என்னும் மருந்து பயன்படுத்திய பின் அதில் வெள்ளி கரைந்து நிற்கும். அது நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. அதனைச் சாக்கடையில் கொட்டினால் எங்கே போகும்? பெல்லந்தூர் ஏரி நுரைத்துப் பொங்கியதையும் தீப்பற்றியதையும் கண்ட நகரத்தார் நாம்; இவ்வினாவிற்கு விடை சொல்ல வேண்டியதில்லை. இரும்பு நார்ச்சுருளை அம்மருந்தில் இட்டால் வெள்ளி அதன்மேல் படியும். அவ்வாறு பிரித்த பின்னும் எஞ்சிய நீரைக் கழிவு மருந்து ஏற்பாரிடம் ஒப்படைத்தலே முறை. சற்றுத் தொல்லையே, எனினும் நம் இன்பத்தின் கழிவை நாமே சுமத்தல் நீதி.

செய்யத்தக்கன

அன்பர்களே, காமிராவை விட்டுவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. சுருளை இடுமுன் மூன்று வினாக்களைத் தமக்குத் தாமே கேட்டுக்கொள்க என்கின்றோம். இது கெட்டால் இழப்பு எனக்கு மட்டுந்தானா? இதில் பங்குகொள்ளும் பிறர் இது சோதனை என்பதை அறிவாரா? கெட்டபின் மிஞ்சும் கழிவை எவர் சுமப்பார்? மூன்றிற்கும் நேர்மையான விடை கிடைக்குமாயின், அச்சம் வேண்டா. மரத்தையும் மேகத்தையும் சொந்த நிழலையும் விருப்பம்போல் எடுத்துப் பழகுக. சுருள் முழுதும் வெறுமையாய் வந்தால் நகைத்துவிட்டு மறுசுருள் இடுக. தன் இழப்பைக் கண்டு நகைக்கக் கற்றவன் பெரும்பேறு பெற்றவன்.

பிறர் முகத்தை எடுக்கப் புகுந்தால் முறை வேறு. நல்ல சுருளில் தெளிவான படம் ஒன்று முதலில் எடுக்க. பின்னர், இது பழைய சுருள், எப்படி வரும் என்று தெரியாது என்று சொல்லி, அவர் இசைந்தால் இரண்டாவது எடுக்க. தெளிவான படத்தை அச்சிட்டு அவர் கையில் கொடுக்க. வைசாகப் பௌர்ணமி விழாவிற்குக் காமிராவோடு வரும் இளைஞரிடம் நாம் வேண்டுவதும் இதுவே. அன்று முதியோர் பலர் வெண்ணிற ஆடை உடுத்து வருவர். அவர்களுள் சிலர் அடுத்த விழாவிற்கு வாரார். அவர்கள் முகத்தை நல்ல சுருளில் எடுங்கள்.